கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா

குண்டூர் நாடு,
கொல்லிமலை.
ஐப்பசி 24

அன்புக் கண்ணு கலைச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், இத்தனை மழைக்கும் அப்பாவின் முழங்கால் இந்த வருஷம் அவ்வளவாக முனகவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று போனில் சொல்கிறாய், ஆனால் அனுப்பிய போட்டோவில் அந்தத் தடித்த கோட்டுக்குள் மூக்கும் கண்ணும்தான் தெரிகிறது, கன்னம் வற்றினமாதிரி எனக்குப் பட்டது, அப்பா இல்லை என்கிறார், அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நான் கொடுத்துவிட்ட ராகி மாவு தீர்ந்திருந்தால் சொல்லு.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், நம் பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே நின்று நான் பேசினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டுவிட்டு அவர்களும் உன்னை விசாரிக்கிறார்கள். அதுவும் போக, வாய்விட்டுச் சொல்ல வராத சங்கதி ஒன்று இருக்கிறது. மழைக்காக இன்றைக்கு ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள், சத்துணவு அடுப்பும் எரியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

முதலில் உன் கோழிக்கூண்டு. புரட்டாசியில் காட்டுப்பூனை வந்து பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஒன்பது கோழியில் எட்டைக் கொன்று போட்டதும், மிஞ்சிய மொட்டைக் கழுத்துக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு நான் உன்னிடம் போனில் அழுததும் உனக்குத் தெரியும். நீ உடனே அங்கேயிருந்தே கூண்டு ஒன்றை ஆர்டர் செய்துவிட்டாய். பூட்டினால் முடிந்தது அம்மா, ஒரு மணி நேர வேலை என்றாய். அந்த ஒரு மணி நேரத்தை நீ வந்து பார்த்திருக்க வேண்டும் சாமி.

பார்சல்காரன் காரவள்ளியில் நின்றுகொண்டு போன் பண்ணினான். "எழுபது வளைவு இருக்குதுங்கக்கா, இந்தப் பாரத்தோட எங்க வண்டி ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டு, சேந்தமங்கலத்தில் நாம் ஆணி, கயிறு வாங்குகிற அப்துல் கரீம் பாய் கடையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும் தனபாலின் வண்டியில் திரும்பும்போது ஏற்றிவரச் சொன்னேன். பாய் போனில், "ஏங்கம்மா, கட்டிலுங்களா? மூணு ஆள் சேர்ந்துதான் தூக்கி வெச்சோம்" என்று கேட்டார். பெட்டி முழுக்கக் கறுப்புத் தாள் சுற்றி ஒட்டியிருந்தது, என்ன சாமான் என்று வெளியே ஒரு எழுத்தும் இல்லை, அனுப்புகிறவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. போதாதா? தனபால் செம்மேட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, செல்லமுத்து மகள் வெளிநாட்டிலிருந்து கட்டில் அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். பெட்டி நம் வாசலில் இறங்குவதற்குள் அது கட்டில், பீரோ, கண்ணாடி மேசை என்று வளர்ந்துவிட்டது. மறுநாள் ரேஷன் கடையில் இரண்டு பேர் என்னிடம், மாப்பிள்ளை அந்த ஊரா நம்ம ஊரா என்று விசாரித்தார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சிரிக்கிறாள், அப்போ உறுதிதான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. உன் அப்பா காலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த பக்கங்கள், தகரக் கூரை, கோழி ஏறிப்போகச் சின்னச் சாய்வுப் பலகை, முட்டையிட மூன்று அறை வைத்த பெட்டி, ஒரு பையில் நாற்பத்தெட்டு போல்ட்டு, அதைத் திருக வளைந்த சாவி ஒன்று. கூடவே படம் போட்ட தாள். அதில் இங்கிலீஷும் இந்தியும் இருந்தது, தமிழ் இல்லை, ஆனால் படம் தெளிவாகத்தான் இருந்தது, அம்புக்குறி போட்டு எது முதலில் எது அடுத்தது என்று காட்டியிருந்தார்கள். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். "ஊடே கட்டுனவன் நானு, கோழிக்கூண்டுக்குப் பொம்மை பார்க்கோணுமா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தாள் மேலேயே போல்ட்டையெல்லாம் கொட்டிவைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஏ, பி, சி என்று சின்னத் தாள் ஒட்டியிருந்தது, ஈரப் புல்லில் கிடத்தியதில் அதெல்லாம் உரிந்து அவர் செருப்பில் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் முட்டி மோதிப் பூட்டி முடித்து எழுந்து பார்த்தால் முட்டைப் பெட்டியின் மூடி கூண்டுக்கு உள்பக்கமாகத் திறக்கிறது. முட்டை எடுக்க வேண்டுமென்றால் நான் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை கண்ணு, சத்தியமாக. அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழற்றினார். போல்ட்டைத் தள்ளிவிட்டுத் தாளைத் துடைத்து என் கையில் கொடுத்து, "படி" என்றார்.

இரண்டாவது தடவை ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் ஒரு இடத்தில் இரண்டு பக்கச் சுவரையும் பின்சுவரையும் ஒரே நேரத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் போல்ட்டு போட முடியும். படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேரும் சிரிக்கிறார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர். அப்பா இரண்டு கையையும் அகல விரித்து இரண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்சுவரை முதுகால் முட்டுக்கொடுத்து நிற்கிறார், நான் கீழே உட்கார்ந்து சாவியைத் திருகுகிறேன், காற்று வேறு. அந்த மொட்டைக் கழுத்துக் கோழி வந்து வாஷர்களை நெல் என்று நினைத்துக் கொத்துகிறது. அதை விரட்டத் தலையை நிமிர்த்தினேன். வேலியைத் தாண்டி உன் மாமா வந்துகொண்டிருந்தார்.

ஆமாம் கண்ணு, உன் அர்த்தனாரி மாமாதான். என் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு வருஷத்தில் அந்த வேலியை அவர் தாண்டியது அன்றைக்குத்தான். மழை பெய்து நம் மதில் சரிந்தபோதுகூட அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஆள் அனுப்பினாரே தவிர வரவில்லை. சட்டை போட்டுத் துண்டை மடித்துத் தோளில் போட்டு, எழவு வீட்டுக்கு வருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே அப்பா முன்னால் நின்று, "ஏனுங்க மாப்ள, பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறீங்க, சீர் சாமானும் ஊட்டுல வந்து எறங்கிருச்சு. தாய்மாமன்னு ஒருத்தன் வேலிக்கு அந்தப்பக்கம் உசுரோட இருக்கறது உங்களுக்கு ஞாபகம் வல்லீங்களா?" என்றார். எனக்குக் கையிலிருந்த சாவி நழுவிவிட்டது. உன் அப்பாவோ வியர்த்துக் கொட்ட, "மச்சான், அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல இந்தப் பக்கத்தைப் புடிங்க, உழுகுது!" என்று கத்தினார். நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. மாமா துண்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தார்.

பிடித்த பிறகுதான் என்ன பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். கம்பி வலையைப் பார்த்தார், சாய்வுப் பலகையைப் பார்த்தார், குனிந்து மூன்று அறையையும் எட்டிப் பார்த்தார். "இது என்னதுங்க?" என்றார். கோழிக்கூண்டு என்றார் அப்பா. "கட்டில் இல்லீங்களா?" "படுக்கறதுன்னாப் படுங்க மச்சான், மூணாவது ரூம்பு காலியாத்தான் இருக்குது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாமாவுக்கும் உதடு துடித்தது, ஆனால் அவர் சிரித்துவிடவில்லை. கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போக முடியாது, விட்டால் மொத்தமும் சரிந்துவிடும். நான் இன்னும் பன்னிரண்டு போல்ட்டு போட்டாக வேண்டும்.

அப்படி அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கைக்குக் கீழே குந்தியபடி நான் ஒவ்வொன்றாக இறுக்கினேன். இரண்டு வருஷமாக வேலிக்கு அப்பால் தூரத்தில் பார்த்த அண்ணனை அன்றைக்கு ஒரு முழம் கிட்டத்தில் பார்த்தேன். காதுக்குப் பின்னால் முடி எல்லாம் நரைத்துவிட்டது. நான்காவது போல்ட்டின்போது அவர் வீட்டுக் கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "கலை வேண்டாம்னு சொன்னது அவ இஷ்டம். நேரா என்கிட்ட வந்து, மாமா, மணிவண்ணன நான் அப்படி நெனைக்கலைங்க மாமான்னு சொல்லுச்சு. நான் சரி கண்ணுன்னு அனுப்பிவெச்சேன். அதுக்கா நான் கோவிச்சுக்குவேன்? அந்தப் புள்ளையத் தோள்ல தூக்கிட்டுச் சோளக்காட்டுச் சந்தை பூராச் சுத்துனவன் நானு" என்றார்.

இங்கேதான் கண்ணு, நான் வாய்விட்டுச் சொல்ல வராத சங்கதி. உன் மாமா தன் பையனுக்கு உன்னைக் கேட்டார், நீ முடியாது என்றாய், அதனால்தான் மாமா நம்மை ஒதுக்கிவிட்டார் என்றுதான் இதுவரைக்கும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்றைக்கு பஸ் வரும்வரை அவர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். மாமா பேசினாரா என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம், அவர் கோபம் தீரட்டும் என்று சொல்லி நானும் உன்னை அப்படியே நம்பவிட்டேன். அது இல்லை கண்ணு. நீ வேண்டாம் என்று சொன்ன அடுத்த வாரம் சோளக்காட்டில் ஒரு காதுகுத்து. நீ அன்றைக்கு சென்னைக்குப் போயிருந்தாய். பந்தியில் யாரோ, ஏன் அண்ணன் பையனுக்குக் கொடுக்கவில்லை என்று என்னைக் கேட்டார்கள். உன் நர்ஸ் படிப்பும் வெளிநாட்டு வேலையும் என் தலைக்கு ஏறியிருந்த சமயம். பத்தாவது தாண்டாத மண்வெட்டிக்கு என் பொண்ணைக் கொடுக்கவா நான் படிக்கவைத்தேன் என்று, இருபது பேருக்கு நடுவில் சொல்லிவிட்டேன். மண்வெட்டி என்ற வார்த்தையைச் சொன்னேன். மணிவண்ணனும் அவன் அப்பனும் அதே பந்தியில் இருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். அவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்கள்.

அதைத்தான் அன்றைக்குக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அண்ணா, அன்றைக்கு நான் பேசினது தப்பு, என் வாய்க்கொழுப்பு என்று சொன்னேன். மாமா சுவரைப் பிடித்த கையை மாற்றினார். அப்புறம், "எந்த வார்த்தை? எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல புள்ள" என்றார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த போல்ட்டை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "மூணாவது எலையில உக்காந்திருந்தேன். அப்பத்தான் ரசம் ஊத்துனாங்க. பையன் மொகத்த என்னால பார்க்க முடியல" என்றார். எனக்கு அதற்கு மேல் திருக முடியவில்லை கண்ணு, சாவி கையில் இருக்க உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன் அப்பா பாவம், பின்சுவரை முதுகில் தாங்கிக்கொண்டு இந்தப் பக்கமும் வர முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் நிற்கிறார். கடைசியில் மாமாதான், "அழுகறத அப்பறம் அழுதுக்கலாம், அந்த நட்ட இறுக்கு புள்ள, கை மரத்துப்போச்சு" என்றார். புள்ள என்று அவர் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே இறுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன் போல, அந்தச் சட்டத்தில் லேசாக ஒரு விரிசல் இருக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே.

இதற்குள் உன் பொன்னாயி அத்தை, புருஷன் சண்டைக்குப் போயிருக்கிறார் என்று பயந்து தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தாள். வந்து பார்த்தால் அவள் புருஷன் தகரக் கூரையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் மூக்கு சிவந்து உட்கார்ந்திருக்கிறேன், உன் அப்பா கோழியின் வாயைப் பிளந்து வாஷரைத் தேடுகிறார். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கூரை உட்கார்ந்து, கதவு வைத்து, தாழ்ப்பாள் போட்டு முடிக்கும்போது மத்தியானம் இரண்டு மணி. நாலு பேரும் இங்கேதான் சாப்பிட்டோம், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். மாமா இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினார். மூன்று போல்ட்டு மிச்சம். அது எந்த இடத்து போல்ட்டு என்று உன் அப்பா இன்னமும் தினமும் காலையில் கூண்டைச் சுற்றிவந்து தேடிக்கொண்டிருக்கிறார். வாஷர் மறுநாள் தானாக வெளியே வந்துவிட்டது, கோழி நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் அத்தை ஒரு கூடையில் ஐந்து பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் கொண்டுவந்து விட்டாள். ஆனால் அதுகள் கூண்டுக்குள் போனால்தானே. முதல் நாள் இருட்டியதும் நம் மொட்டைக் கழுத்தோடு சேர்த்து ஏழும் கூரை மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இரண்டாம் நாள் பலாமரத்தில். தினமும் பொழுது சாயும்போது மாமா வந்து ஒரு யோசனை சொல்வார், ஒரு நாள் பலகை வழுக்குகிறது என்று சாக்குத் துணி அடித்தார், ஒரு நாள் பெயின்ட் வாசனை என்று வேப்பிலை தேய்த்தார். அதுகள் எதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் நல்ல சாரல், மொட்டைக் கழுத்துக் கோழி சலித்துப்போய்த் தானாக ஏறி உள்ளே போனது, பின்னாலேயே மற்றது எல்லாம் போனது. நாங்கள் நான்கு பேரும் நனைந்துகொண்டே நின்று பார்த்தோம். போன வியாழக்கிழமை முதல் முட்டை. நீ காசு போட்டு வாங்கின மூன்று அறையிலும் இல்லை, கூண்டு வந்த அட்டைப்பெட்டி விறகுக்குப் பக்கத்தில் கிடந்தது, அதில்தான் இட்டிருந்தது.

மணிவண்ணனும் வந்தான். காட்டுப்பூனை தாழ்ப்பாளைத் தட்டிவிடும் என்று கெட்டியான கொக்கி ஒன்று பூட்டிக்கொடுத்தான். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன், அவனிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் கொக்கியைத் தட்டிக்கொண்டே, "உடுங்க அத்த. கலை முந்திக்கிட்டு வேண்டாம்னு சொல்லி என்னையக் காப்பாத்துச்சு. அப்பாகிட்டச் சொல்ல எனக்குத்தான் தகிரியம் இல்ல" என்றான். என்னடா என்று கேட்டால், அப்போதே அவனுக்கு தேவனூர் நாட்டில் தேன்மொழி என்று ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிருக்கிறது, செம்மேட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். தை மாதம் கல்யாணம். நேற்று அண்ணனும் அண்ணியும் தட்டு, வெற்றிலையோடு முறையாக வந்து அழைத்துவிட்டுப் போனார்கள். ஜாக்கெட் எல்லாம் பெண்ணே தைக்கிறாள், அளவு கொடுக்க நான் நாளைக்குப் போகிறேன்.

அண்ணனிடம் கேட்டாயிற்று, அந்தப் பையனிடமும் கேட்டாயிற்று, உன்னிடம்தான் பாக்கி. இரண்டு வருஷம் என் வார்த்தையின் பாரத்தை உன் தலையில் ஏற்றி அத்தனை தூரம் அனுப்பிவைத்தேன். உன்னால் ஒன்றும் நடக்கவில்லை கண்ணு. நீ யாரையும் நோகடிக்கவில்லை, பெரியவர் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாய், அந்த மரியாதை எனக்குத்தான் இல்லாமல் போயிற்று. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், இரண்டு நாள் போன் பண்ணாமல் வேண்டுமானாலும் இரு, மூன்றாம் நாள் பண்ணிவிடு.

ஆனால் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன் மாமாவைக் கூப்பிடு. அவருக்கு அங்கேயெல்லாம் போன் போடத் தெரியாது. உன் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார், சட்டைப் பையில் வைத்திருக்கிறார், அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாகச் சாயங்காலம் ஆனால் பலாமரத்தடியில் வந்து கையில் போனோடு நிற்கிறார், கேட்டால் சும்மா காத்து வாங்குகிறேன் என்கிறார். உன் ஊரில் அப்போது மத்தியானம், சாப்பாட்டு நேரமாக இருக்கும். கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று பார், கிடைக்காவிட்டாலும் அதை மெதுவாகச் சொல்லு.

அறப்பளீசுவரர் உனக்கு நோய்நொடி இல்லாத உடம்பையும் நிறைந்த மனசையும் கொடுக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், மிச்ச மூன்று போல்ட்டையும் படம் எடுத்து அனுப்புகிறாராம், எந்த இடத்துக்கு என்று நீ கம்பெனிக்காரனைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, மறக்காதே. மாமாவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தயங்காதே. அழவும் வேண்டாம், பழசை எடுக்கவும் வேண்டாம். கோழி எல்லாம் கூண்டுக்குள்ளே போகுதுங்களா மாமா என்று கேள். மிச்சத்தை அவர் பேசிக்கொள்வார்.

உன் சுகமே நினைவாக இருக்கும்
அம்மா
செ. பூங்குழலி